தலைமைக் காவலருக்கு அடுத்து என்ன?

திகார் சிறையில் அடைபட்டிருந்த சுனில் பத்ரா என்னும் கைதி, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். உடனிருந்த கைதி ஒருவரைச் சிறை ஊழியர் கொடூரமாகச் சித்திரவதை செய்தார், பார்க்கவரும் உறவினர்களிடம் பணம் பறிப்பதே நோக்கம் என்பது கடிதத்தின் சாரம். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, வி.ஆர்.கிருஷ்ணய்யர் இடம்பெற்ற அமர்வு 1979 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, சிறைக் கதவுக்குள்ளும் அரசமைப்புச் சட்டம் செல்லும் என்பதை நிலைநாட்டியது. கைதிகளின் உரிமை பற்றிப் பேசும் எவரும் அந்தத் தீர்ப்பைத் தொடாமல் போவதில்லை. ஆனால் அதில் குற்றம்சாட்டப்பட்டவரின் பதவியை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அவர் கண்காணிப்பாளரும் இல்லை, புதிதாகச் சேர்ந்த காவலரும் இல்லை. தலைமைக் காவலர், அதாவது ஹெட் வார்டர்.

சிறை நிர்வாகத்தின் நடு அடுக்கு இது. கீழே காவலர்கள், மேலே கண்காணிப்பாளர். இடையில் தலைமைக் காவலர், முதல் தலைமைக் காவலர், உதவி சிறை அலுவலர், துணை சிறை அலுவலர், ஜெயிலர் என்று பழகிப்போன சிறை அலுவலர். சட்டப்படி சிறை கண்காணிப்பாளருடையது. நடைமுறையில் அது இவர்களுடையது. விடிந்ததும் பூட்டைத் திறந்து தலை எண்ணுவது, மாலையில் மறுபடி எண்ணி அடைப்பது, புதிதாக வந்தவரை எந்தத் தொகுதியில் வைப்பது, பகையாளிகள் இருவரை ஒரே கொட்டடியில் போட்டுவிடாமல் பார்ப்பது, மனுப் போட்டுக் காத்திருக்கும் தாய்க்கு மகனைக் காட்டுவது, இரவில் நெஞ்சுவலி என்று அலறும் கைதியை மருத்துவரிடம் அனுப்புவதா வேண்டாமா என்று அந்த நிமிடத்திலேயே முடிவெடுப்பது என எல்லாமே இவர்கள் கையில். சிறைச் சீர்திருத்தம் பற்றி நாம் எத்தனை குழுக்கள் அமைத்தாலும், எத்தனை தீர்ப்புகள் வந்தாலும், அவற்றை ஒரு கைதி உணர்வதும் உணராமல் போவதும் இந்த அடுக்கில் இருப்பவரின் நடத்தையால்தான். அப்படிப்பட்டவருக்குப் பணியில் என்ன எதிர்காலம் வைத்திருக்கிறோம் என்ற கேள்வி, ஊழியர் நலன் என்ற பெட்டிக்குள் போட்டு மூடப்பட்டிருக்கிறது. அதை அங்கிருந்து வெளியே எடுக்க வேண்டும். இவர்களுக்கு நியாயமான, தகுதி சார்ந்த பதவி உயர்வுப் பாதை இல்லாத வரை சிறைச் சீர்திருத்தம் காகிதத்தைத் தாண்டாது என்பது என் வாதம்.

தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் பொதுத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தகுதியோடு ஓர் இளைஞர் இரண்டாம் நிலை சிறைக் காவலராகச் சேர்கிறார். காவல் துறையில் சேரும் இரண்டாம் நிலைக் காவலருக்கும் இவருக்கும் ஒரே தேர்வு, ஒரே தொடக்க ஊதியம்: 18,200 ரூபாய். இன்னொரு வாசல் டி.என்.பி.எஸ்.சி. வழியாகத் திறக்கிறது. பட்டதாரிகள் நேரடியாக உதவி சிறை அலுவலராக நுழைகிறார்கள். தொடக்க ஊதியம் 35,400. காவல் துறையில் நேரடியாகத் தேர்வாகும் உதவி ஆய்வாளருக்கு 36,900. இந்த எண்களில் பெரிய அநீதி தெரியவில்லையே என்று கேட்கலாம். ஊதியத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெரியும். காவல் துறை பெரிய துறை. சட்டம் ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து, சைபர் குற்றம், உளவுப்பிரிவு, சிபிசிஐடி எனப் பிரிவுகள் விரிந்து கிடக்கின்றன. ஒன்றில் தேங்கியவர் இன்னொன்றில் தேறலாம். சிறைத்துறையிலோ புழலில் இரண்டு, வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என ஒன்பது மத்திய சிறைகள், சில மகளிர் தனிச்சிறைகள், இளங்குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள், கிளைச் சிறைகள், அவ்வளவுதான். மேலே போகப் போக நாற்காலிகள் விரைவாகக் குறைகின்றன. துறையின் தலைமை நாற்காலியோ காவல் துறையிலிருந்து வரும் ஐ.பி.எஸ். அதிகாரிக்கு உரியதாக இருக்கிறது. இருபத்தைந்து வயதில் சிறைக்குள் நுழைந்து, முப்பது ஆண்டுகள் அந்தத் தொழிலையே கற்றவர் எட்ட முடியாத உயரத்தில், அந்தத் தொழிலுக்கு வெளியிலிருந்து வருபவர் இரண்டு மூன்று ஆண்டுகள் அமர்ந்துவிட்டு வேறு பணிக்குப் போகிறார்.

பெண் அலுவலர்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. நாட்டின் கைதிகளில் பெண்கள் ஏறத்தாழ 4 விழுக்காடுதான். மகளிர் சிறைகள் குறைவு என்றால் அவற்றின் மேற்பார்வைப் பதவிகளும் குறைவு. திறமையான ஒரு பெண் தலைமைக் காவலர், மேலே இருப்பவர் ஓய்வுபெறும் நாளை எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தத் தேக்கம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் இல்லை. 1980-இல் நியமிக்கப்பட்டு 1983-இல் அறிக்கை தந்த நீதிபதி முல்லா குழு, சிறைப் பணியை ஒரு தனித் தொழிலாக மதித்து, அதற்கென அகில இந்தியப் பணித் தொகுதி ஒன்றை உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படி ஒன்று உருவாகவில்லை. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் ஒன்றிய அரசு மாநிலங்களைக் கைகாட்டுகிறது. மாநிலங்கள் நிதியைக் கைகாட்டுகின்றன. 2018-இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி அமிதவ ராய் குழுவும் சிறைப் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்ட சிறைப் பணியிடங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு காலி. ஆறு கைதிகளுக்கு ஒரு காவல் பணியாளர் இருக்க வேண்டும் என்பது மாதிரிச் சிறைக் கையேட்டின் அளவுகோல். அந்த அளவுகோல் எட்டாத இடத்தில் காவலரின் வேலையைத் தலைமைக் காவலர் செய்கிறார், தலைமைக் காவலரின் வேலையை உதவி சிறை அலுவலர் செய்கிறார். மேற்பார்வை என்ற வேலையைச் செய்ய ஆளில்லை. அந்த வெற்றிடம் நெடுங்காலமாக எப்படி நிரப்பப்பட்டது என்பதற்கு 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டமே சாட்சி: கைதிகளையே சிறை அலுவலர்களாக நியமிக்க அது இடம் தந்தது. ஒரு கைதிக்கு இன்னொரு கைதியின்மேல் அதிகாரம் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் இல்லாத தொகுதியில் இன்றும் அதிகாரம் செலுத்துவது அங்கே அடைபட்டிருக்கும் தாதாதான்.

இதற்கிடையே வேலை மாறிவிட்டது. இதைத்தான் அரசுகள் போதிய அளவு உணரவில்லை என்று நினைக்கிறேன். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கையும், மற்றவர்கள் பாதியையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் விடுவிக்கப்பட வழிசெய்கிறது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றங்கள் போன்ற விலக்குகள் உண்டு. இதில் முக்கியமானது, அந்தக் கெடு முடிந்ததும் நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கும் கடமையைச் சட்டம் யாரிடம் கொடுத்திருக்கிறது என்பது. சிறைக் கண்காணிப்பாளரிடம். அவர் எதை வைத்து விண்ணப்பிப்பார்? ஒவ்வொரு கைதியின் வாரண்டையும், பிரிவுகளையும், அடைபட்ட தேதியையும் பார்த்துக் கணக்கிட்டு அவர் மேசைக்கு அனுப்புகிறவர் உதவி சிறை அலுவலரோ துணை சிறை அலுவலரோதான். அதேபோல, பிணை கிடைத்தும் ஏழு நாள்களுக்குள் ஒருவர் வெளியே போகவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பிணை வழங்கிய தேதி சிறை மென்பொருளில் பதிவாக வேண்டும். சாவிக்கொத்தும் லத்தியும் போதும் என்றிருந்த பணி, சட்டப் பிரிவு தெரிந்த, கணினி தெரிந்த, மனநலச் சிக்கலின் அறிகுறி தெரிந்த பணியாக மாறியிருக்கிறது. ஆனால் அந்தப் புதுத் திறனைக் கற்றவருக்கும் கற்காதவருக்கும் பதவி உயர்வில் என்ன வேறுபாடு? பெரும்பாலும் எதுவுமில்லை. பணிமூப்பு வரிசையில் யார் முன்னே நிற்கிறாரோ அவருக்கு.

சிறையே குறைய வேண்டும், காவலரின் பதவி உயர்வுக்கு ஏன் வாதாட வேண்டும் என்று மனித உரிமை ஆர்வலர்கள் கேட்பதுண்டு. அவர்களுடைய கோபத்தில் நியாயமிருக்கிறது. 2022 இறுதியில் நாட்டின் 1,330 சிறைகளில் 4.36 லட்சம் பேருக்கான இடத்தில் 5.73 லட்சம் பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 75 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். இவர்களில் பெரும்பகுதியினர் வெளியே இருக்க வேண்டியவர்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அவர்களை வெளியே கொண்டுவரும் வழி எது? நான் மேலே சொன்ன அந்தக் கணக்கு, அந்தப் பதிவேடு, உரிய நாளில் போகும் அந்த விண்ணப்பம்தான். பொறுப்போடும் திறனோடும் வேலை செய்கிற நடு அடுக்கு அலுவலர்தான் சிறையைக் காலியாக்கும் வேலையின் முதல் ஆள். சிறைவாசிகளின் விடுதலையையும் சிறை ஊழியரின் வளர்ச்சியையும் எதிரெதிரே நிறுத்துவது இரண்டையும் கெடுக்கும். சிறைவாசிகளை நடத்துவதற்காக ஐ.நா. 2015-இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளிலும், சிறைப் பணியாளர் முழுநேரத் தொழில்முறையாளராக, பணிப் பாதுகாப்போடும் போதிய ஊதியத்தோடும் தொடர் பயிற்சியோடும் இருக்க வேண்டும் என்பது சேர்க்கப்பட்டிருக்கிறது. கைதிகளின் உரிமைக்கான ஆவணத்தில் இது இடம்பெறக் காரணம் இருக்கிறது.

நிதி எங்கே என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு இங்கிலாந்தின் அனுபவம் நல்ல பதில். 2010-க்குப் பிறகு சிக்கன நடவடிக்கை என்ற பெயரில் இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் ஏறத்தாழ 7,000 முன்வரிசை அலுவலர் இடங்கள் குறைக்கப்பட்டன. விருப்ப ஓய்வில் போனவர்களில் நீண்ட அனுபவம் கொண்டவர்கள் நிறைய. நடு அடுக்குப் பதவிகளும் சுருக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் சிறைகளுக்குள் தாக்குதல்கள் முன்பு கண்டிராத அளவுக்கு உயர்ந்தன. 2016-இல் கூடுதலாக 2,500 பேரைச் சேர்ப்பதாக அரசே அறிவிக்க வேண்டிவந்தது. ஆள்கள் வந்தார்கள். ஆனால் பல சிறைகளில் பணியில் இரண்டாண்டு அனுபவம்கூட இல்லாதவர்கள் பெருமளவில் இருந்தார்கள்; அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் இல்லை. 2018-இல் தனியார் நிறுவனம் நடத்திவந்த பர்மிங்ஹாம் சிறையை நிலைமை மோசமாகி அரசு தன் கைக்கு எடுத்தது. பணத்தைக் கொடுத்து ஒரே ஆண்டில் ஆயிரம் காவலர்களைச் சேர்த்துவிடலாம். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒரு தலைமைக் காவலரை எந்தப் பணத்தைக் கொடுத்தாலும் ஒரே ஆண்டில் உருவாக்க முடியாது. நாற்றங்காலை விற்றுவிட்டு நடவுக்கு ஆள் தேடிய கதை அது.

ஊதியம் மட்டுமே தீர்வாகிவிடாது என்பதற்கும் சான்றுண்டு. அமெரிக்காவின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சிறைக் காவலர்களின் முதல்நிலை மேற்பார்வையாளரைத் தனித் தொழிலாகவே வகைப்படுத்துகிறது. சார்ஜென்ட், லெப்டினன்ட், கேப்டன் என்று தெளிவான படிகள் அங்கே உண்டு. மேற்பார்வையாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் காவலருடையதைவிடக் கணிசமாக அதிகம். அப்படியிருந்தும் 2025 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலச் சிறை அலுவலர்கள் ஆள் பற்றாக்குறையையும் கட்டாய மிகைநேரப் பணியையும் எதிர்த்து வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தேசியக் காவல் படையை இறக்க வேண்டியிருந்தது. 2,000-க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். படிகள் இருந்தாலும், ஏறுவதற்குத் தெம்பு இல்லாத அளவுக்கு ஆளைக் கசக்கினால் அந்தப் படிகளால் பயனில்லை. நார்வேயின் வழி வேறு. அங்கே சிறை அலுவலராக வேண்டுமானால் அதற்கென உள்ள கல்லூரியில் ஊதியத்தோடு இரண்டாண்டு படிக்க வேண்டும். தொழிலுக்குள் நுழையும்போதே அது கல்வி சார்ந்த தொழில் என்ற மதிப்பு வந்துவிடுகிறது. நார்வே சிறிய, பணக்கார நாடு என்பது உண்மை. ஆனால் வேலூரில் சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகத்துக்கான பயிற்சிக் கழகம் 1979 முதல் இருக்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், கேரளம் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம் அது. நார்வேயைப் பார்த்து ஏங்கும் முன், வேலூரை எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கனமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. சிறைக்குள் செல்பேசியும் கஞ்சாவும் போவது ஊழியரின் துணையில்லாமல் நடக்காது. உள்ளேயே வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வார்கள். எனவே வெளியிலிருந்து வரும் ஐ.பி.எஸ். அதிகாரியின் பிடி அவசியம் என்கிறார்கள். முதல் பகுதியை நான் மறுக்கவில்லை. திகார் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரே இந்த அடுக்கைச் சேர்ந்தவர்தான். ஆனால் 2024-இல் வேலூரில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயுள் தண்டனைக் கைதி ஒருவரைச் சிறைத்துறை உயரதிகாரியின் வீட்டில் வேலைக்கு வைத்து, திருட்டுக் குற்றம் சுமத்தித் துன்புறுத்தியதாக எழுந்த புகாரில், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு சிபிசிஐடி வழக்குப் பதிந்தது. உயரதிகாரிகளிலிருந்து கீழ்நிலைக் காவலர்கள் வரை அதில் சேர்க்கப்பட்டார்கள். உண்மை என்ன என்பதை நீதிமன்றம் முடிவுசெய்யட்டும். நான் கேட்பது, இத்தகைய சட்டவிரோத ஆணை மேலிருந்து வந்தால் ஒரு தலைமைக் காவலரோ உதவி சிறை அலுவலரோ முடியாது என்று சொல்ல என்ன பலம் வைத்திருக்கிறார் என்பதை. அடுத்த பதவி, இடமாற்றம், விடுப்பு அத்தனையும் மேலதிகாரியின் தயவில் இருக்கும்போது மறுப்பது எப்படி? தகுதித் தேர்வும் வெளிப்படையான மதிப்பெண்ணும் பதவி உயர்வைத் தீர்மானித்தால் அந்தத் தயவின் எடை குறையும். ஊழலைத் தடுக்க நீதிபதிகளின் ஆய்வு, பார்வையாளர் குழு, மனித உரிமை ஆணையம் என வெளிக்கண்கள் கட்டாயம் வேண்டும். அவற்றை இன்னும் கூர்மையாக்க வேண்டும். பதவிக் கதவைச் சாத்திவைப்பது அந்தக் கண்களுக்கு மாற்றாகாது. மேலே போக வழியில்லாதவருக்கு இழக்கவும் எதுவுமில்லை. அதுவே ஊழலுக்கு வசதி.

இந்தப் பணியில் உயிரும் பணயம். 1999 நவம்பரில் பழைய சென்னை மத்திய சிறையில் கைதி ஒருவர் இறந்த செய்தி பரவிக் கலவரம் மூண்டபோது துணை சிறை அலுவலர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டார்கள். இரு பக்கத்திலும் உயிர்கள் போகும் இடத்தில் நிற்பவர், பதற்றத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்துப் பேசித் தணிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அந்தத் திறன் ஆண்டுக்கணக்கில் கைதிகளோடு பேசிப் பழகி வருவது. அதைச் சேர்த்துவைத்திருப்பவரைத் தொழிலில் தக்கவைக்க ஒரு காரணம் தர வேண்டும்.

தமிழ்நாடு இதைத் தொடங்கப் பொருத்தமான மாநிலம். 2025-இல் வெளியான இந்திய நீதி அறிக்கை சிறைத்துறையில் தமிழ்நாட்டுக்கு முதலிடம் தந்தது. நாட்டின் பல மாநிலங்களில் சிறைகள் பிதுங்கி வழிய, இங்கே மொத்தக் கைதிகள் மொத்தக் கொள்ளளவுக்குள் இருந்துவருகிறார்கள். கைதிகள் நடத்தும் பெட்ரோல் நிலையங்களும் சிறைச் சந்தைகளும் இயங்குகின்றன. 2023-இல் புழலில் பெண் கைதிகள் நடத்தும் பெட்ரோல் நிலையம்கூடத் திறக்கப்பட்டது. கைதிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் இந்த முயற்சிகளில் நாள்தோறும் நிற்கும் அலுவலருக்கு அந்த அனுபவம் பணிப் பதிவேட்டில் தகுதியாக ஏறுகிறதா? ஏற வேண்டும். வேலூர் கழகமும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சிறைச் சட்டம், கைதிகளின் மனநலம், போதை மீட்பு, மறுவாழ்வு ஆகியவற்றில் பட்டயப் படிப்புகள் நடத்தலாம். தலைமைக் காவலரிலிருந்து உதவி சிறை அலுவலராகும் தேர்வில் அதற்கு மதிப்பெண் தரலாம். பாதுகாப்பு, சட்ட உதவி, மறுவாழ்வு என்று தனித்தனிப் பிரிவுகள் உருவானால் மேற்பார்வைப் பதவிகளும் பெருகும். பெண் அலுவலர்கள் மகளிர் சிறையின் சுவர்களுக்குள்ளேயே தேங்க வேண்டியதும் இராது. துறைத் தலைமைக்கும் துறைக்குள் வளர்ந்தவர்கள் பரிசீலிக்கப்பட வேண்டும்.

ஊழியர் தரப்பிலேயே ஒரு தயக்கம் எழும்: பணிமூப்பை விட்டால் அது சிபாரிசுக்கு வழிவிடும் என்று. அரசுப் பணியின் வரலாறு தெரிந்தவர்கள் இந்த அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அதனால்தான் தேர்வைத் துறையே நடத்தாமல் டி.என்.பி.எஸ்.சி. போன்ற வெளி அமைப்பு நடத்த வேண்டும், முடிவுகள் மதிப்பெண்ணோடு வெளியிடப்பட வேண்டும், கைதிகளைத் துன்புறுத்தியதாக நிரூபிக்கப்பட்ட குற்றச்சாட்டு பதவி உயர்வுக்கு முழுத் தடையாக வேண்டும் என்கிறேன். இடங்களில் ஒரு பகுதியை மூப்புக்கும் ஒரு பகுதியைத் தேர்வுக்கும் ஒதுக்கித் தொடங்கினால் இப்போது வரிசையில் காத்திருப்பவர்களுக்கும் இழப்பில்லை. 2023-இல் ஒன்றிய உள்துறை அனுப்பிய மாதிரிச் சிறைகள் சட்டத்தை ஒட்டித் தமக்கென புதுச் சட்டமும் விதிகளும் எழுத மாநிலங்களுக்கு இப்போது வாய்ப்பிருக்கிறது. கைதிகள் பற்றிய அத்தியாயங்களை எழுதும் அதே கவனத்தோடு பணியாளர் பற்றிய அத்தியாயத்தையும் எழுதலாம். சட்டமன்றத்தில் சிறைத்துறை மானியக் கோரிக்கை வரும்போது, உறுப்பினர்கள் காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையோடு, எத்தனை தலைமைக் காவலர்கள் எத்தனை ஆண்டுகளாக அதே பதவியில் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் கேட்டு வாங்கலாம்.